காடு கடத்தலும் காடு காணலும்: ஜவ்வாது மலையை முன்வைத்துக் காட்டுயிர்க் காட்சிப் பயணத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

காட்டு விலங்குகளைக் கண்டு மகிழ்வதற்கென்றே காட்டுக்குள் செல்லும் வழக்கம், ஒரு நிறுவன ஏற்பாடு என்ற அளவில், தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டு வயதையும் எட்டாதது. அதற்கு முந்தைய நெடுங்காலம் முழுவதும் காட்டுவழிப் பயணத்தின் நோக்கம் விலங்கின் எதிரே படாமல் காட்டைக் கடப்பதாகவே இருந்தது. இம்மாற்றத்தை ஜவ்வாது மலைப் பகுதியின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மலைபடுகடாம், செங்கம் வட்டார நடுகற்கள், காலனிய வனச் சட்டங்கள், அமிர்தி உயிரியல் பூங்கா, புலிகள் காப்பக நடைமுறைகள் ஆகியன சான்றுகளாகின்றன. வழிகாட்டும் அறிவு மலைவாழ் மக்களிடமிருந்து பிரிந்து சென்றதே இவ்வரலாற்றின் முதன்மையான நிகழ்வு என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஜவ்வாது மலை, மலைபடுகடாம், நவிரமலை, மலையாளிப் பழங்குடியினர், முதுமலை, புலிகள் காப்பகம், அமிர்தி, வன உரிமை.

முன்னுரை

தமிழ்நாட்டில் இன்று ஐந்து புலிகள் காப்பகங்கள் உள்ளன. களக்காடு–முண்டந்துறை 1988இலும், ஆனைமலையும் முதுமலையும் 2007இலும், சத்தியமங்கலம் 2013இலும், ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021இலும் அறிவிக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பு மாநிலத்தில் 306 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டது. இவ்வைந்து காப்பகங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையிலோ, அது கிழக்கு மலைகளைத் தொடும் இடத்திலோ அமைந்தவை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களுக்கிடையே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை இப்பட்டியலில் இல்லை. அது புலி வாழும் காடாக இன்று கணக்கில் கொள்ளப்படுவதில்லை. தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்படவில்லை.

புலி இல்லாத ஒரு மலையிலிருந்து புலியைக் காணும் வழக்கத்தின் வரலாற்றை எழுதுவது முரணாகத் தோன்றலாம். ஆயினும் இம்மலைக்கு வேறெந்தக் காப்பகத்துக்கும் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. தமிழில் ஒரு குறிப்பிட்ட மலையின் காட்டுவழியையும் அங்குள்ள விலங்குகளையும் வழிச்செல்வோருக்கு விரிவாக எடுத்துரைக்கும் மிகப் பழைய நூல் இப்பகுதியைப் பற்றியது. 583 அடிகளால் அமைந்த மலைபடுகடாம், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுகிறது. செங்கண்மா இன்றைய செங்கம். நூல் கூறும் சேயாறு, ஜவ்வாது மலையில் தோன்றிப் பாலாற்றோடு சேரும் செய்யாறு. நவிரமலை, தொடரின் விளிம்பில் தனித்து நிற்கும் பர்வதமலை என்பது அறிஞர் பலர் ஏற்ற கருத்து. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பிறகு இந்நூலின் இயற்கை வருணனை பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. இங்கே அது பயண நெறிமுறை நூலாக வாசிக்கப்படுகிறது.

நோக்காதே எனும் வழிகாட்டி

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இந்நூலில், பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிரே வரும் மற்றொரு கூத்தர் குழுவுக்கு வழியின் இயல்பை விளக்குகிறான். அவன் தரும் அறிவுரைகளின் நுட்பம் வியப்புக்குரியது. விளைபுனத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு அஞ்சிப் புகுவழிகள்தோறும் கற்பொறிகள் மாட்டப்பட்டிருக்கும்; ஆதலால் இருளில் செல்லாது விடிந்தபின் செல்ல வேண்டும். பரல் நிறைந்த பள்ளங்களில் பாம்பு ஒடுங்கியிருக்கும். மரத்தில் ஏறிக் கைதட்டி நோட்டமிட்டு, விறலியர் கைதொழுது வாழ்த்த, சற்றே வழி விலகிக் கடக்க வேண்டும். பரண்மேல் நிற்கும் குறவர் யானையை விரட்டக் கவண்கல் எறிவர். மூங்கிலைத் தாக்கிக் குரங்குக் கூட்டத்தைச் சிதறடித்து வரும் அக்கல்லின் வேகம் கூற்றுவனை ஒத்தது. மரத்தின் பின் மறைந்து செல்ல வேண்டும். களிற்றையும் இழுக்கவல்ல முதலைகள் ஒடுங்கிய ஆழ்ந்த மடுக்களின் கரை வழுக்கும். கொடிகளைப் பற்றிக் கொள்ள வேண்டும். மலைப்பாம்பு வீழ்ந்த மரம்போலக் கிடக்கும். இரவு வந்தால் சொந்த வீட்டில் புகுவதுபோலக் குகையில் தங்கலாம்.

இவற்றுள் வழிச்செல்வோரின் கண்ணைப் பற்றிய அறிவுரை ஒன்று தனித்து நோக்கத்தக்கது. சூர் உறையும் சாரலில் தேனடையைக் கண்டாலும் சட்டென நிமிர்ந்து நோக்காதீர், அடி வழி மாறிவிடும் என்கிறான் கூத்தன். இன்றைய காட்டுயிர்ச் சுற்றுலா வழிகாட்டியின் தொழில் முழுவதும் 'அதோ பாருங்கள்' என்று சுட்டுவதில் அடங்கும். பழைய வழிகாட்டி பார்வையை அடக்கச் சொல்கிறான். காண்பது அங்கே பயன் அன்று, இடர். இவ்வேறுபாட்டைச் சங்ககாலப் புலவரின் அச்சம் என்று எளிதாகக் கடந்துவிடுதல் தகாது. மலைபடுகடாம் காட்டை வெறுக்கும் நூல் அன்று; மலையின் ஒவ்வோர் ஓசையிலும் திளைக்கும் நூல். மலையை யானையாக உருவகித்து, அதில் எழும் ஓசையைக் கடாமாகக் கண்டதே நூற்பெயர்க் காரணம் என்பர் உரைகாரர்.

அவ்வோசைகளின் தொகுப்பே நூலின் உயிர்ப்பகுதி. அங்கே புலி கண்முன் தோன்றி நிற்கவில்லை. பிறர் குரல்களின் வழியே உணரப்படுகிறது. புலி பாய்ந்து மார்பில் புண்பட்ட கணவரின் வலி தணியக் கொடிச்சியர் பாடும் காப்புப் பாடல் ஓர் ஓசை. கன்றுடைய பிடியின்மேல் புலி பாய, யானைக் கூட்டம் மலை அதிர எழுப்பும் இடிமுழக்கம் மற்றோர் ஓசை. இவற்றோடு முள்ளம்பன்றி தாக்கிய கானவரின் அழுகையும், பாறைப் பிளவில் குட்டியைத் தவறவிட்ட மந்தியின் பூசலும், யானையைப் பழக்கும் பாகர் பேசும் கலப்புமொழியும் சேர்கின்றன. விலங்கின் வாழ்வும் மனிதரின் வாழ்வும் ஒரே ஒலிப்பரப்பில் கலந்து கேட்கின்றன. காட்டின் நிலையை அறியக் காதே முதற்கருவி என்பதை அக்காலத்து வழிச்செல்வோர் அறிந்திருந்தனர். ஊர்தியின் இயந்திர இரைச்சலுக்குள் அமர்ந்து காட்டைக் காணும் இன்றைய பயணிக்கு இவ்வறிவு எட்டாதது.

மற்றொன்று. கூத்தர் செல்லும் வழியெங்கும் ஊர்கள் உள்ளன. 'நன்னனின் கூத்தர் யாம்' என்றால் போதும், சிறுகுடியின் வீடுகளுக்குள் தம் வீடுபோல நுழையலாம். நெய்யில் வெந்த ஊனும் தினைச்சோறும் கிடைக்கும். காட்டுக்குள் செல்வது என்பது காட்டில் வாழ்வோரிடம் செல்வது. வழி, உணவு, எச்சரிக்கை, இரவுத் தங்கல் அனைத்தும் அவர்களைச் சார்ந்தவை.

சிலப்பதிகாரமும் இதற்குத் துணைநிற்கிறது. மதுரைக் காண்டத்தின் முதற் காதை 'காடுகாண் காதை' எனப் பெயர் பெற்றது. அதில் 'காண்டல்' என்னும் சொல் இன்றைய பொருளில் வரவில்லை. மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் அவற்றின் இடர்களையும் கூறுகிறான். வயந்தமாலை வடிவில் வந்த வனசாரிணி கோவலனை மயக்க முயல்கிறாள். காடு காணல் என்பது அங்கே காட்டிற்கு உட்படல், அதனைத் தாங்கிக் கடத்தல்.

நன்னன் வாயிலில் நின்ற விலங்குகள்

விலங்குகளைப் பார்வைக்கு நிறுத்தும் வழக்கம் அக்காலத்தில் அறவே இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. மலைபடுகடாமின் பிற்பகுதியில் நன்னனது அரண்மனை முன்றில் வருணிக்கப்படுகிறது. மலைவாழ் மக்கள் கொணர்ந்த திறைப்பொருள்கள் அங்கே குவிந்துள்ளன. ஆமான் கன்று, யானைக் கன்று, கரடிக் குட்டி, வருடை, பாம்பை வெல்லும் கீரி, உடும்பு, மயில், கானக்கோழி என உயிருள்ளவற்றின் வரிசை நீள்கிறது. அவ்வரிசையில் நிற்கும் மரையின் கன்றுக்கு ஒரு வரலாறும் தரப்படுகிறது: அதன் தாயைப் புலி கொன்றது. தாயற்ற கன்று மனிதர் கைப்பட்டு அரசன் வாயிலை அடைந்தது. விலங்கின் பெயரோடு அது அங்கு வந்த காரணத்தையும் குறிக்கும் இவ்வழக்கம் பெரும்பாலான உயிரியல் பூங்காக்களின் பெயர்ப்பலகையில் இன்றும் இல்லை.

இம்முன்றிலைத் தமிழின் முதல் விலங்குக் காட்சிச்சாலை எனல் மிகையாகும். அங்கே நின்ற விலங்குகள் அரசனின் ஆட்சிப்பரப்புக்குச் சான்றாக நின்றன. காண்போர் அறிவு பெறுவதற்கு அன்று. எனினும் இரண்டு செய்திகள் உறுதியாகின்றன. ஒன்று, காட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட விலங்கே காண்பதற்குரிய விலங்காயிற்று. மற்றொன்று, அவ்விலங்கைக் கொணர்ந்தவர் மலைமக்கள். கண்டு மகிழ்ந்தவர் அரசவையினர்.

ஏறக்குறைய இதே நிலப்பரப்பில், ஜவ்வாது மலையின் வடபுற அடிவாரத்தில், வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் 1967ஆம் ஆண்டு அமிர்தி உயிரியல் பூங்கா தொடங்கப்பட்டது. சுமார் 25 எக்டேர் பரப்பில் ஆற்றோரமாக அமைந்த இச்சிறு பூங்காவே வேலூர், ஆரணி, போளூர் வட்டாரங்களின் பள்ளி மாணவர் பலருக்கு ஜவ்வாது மலையின் விலங்குலகாக அறிமுகமாயிற்று. புள்ளிமானைக் கம்பிவேலிக்கு அப்பால் கண்ட தலைமுறைகளுக்கு அதே மான் வேலிக்குப் பின்னுள்ள மலையிலும் மேய்கிறது என்பது பாடச்செய்தியாகவே இருந்திருக்கும்.

கல்லில் நின்ற விலங்கு

நன்னனின் காலத்துக்கும் காலனியக் காலத்துக்கும் இடைப்பட்ட நெடுவெளியில் இப்பகுதியின் முதன்மைச் சான்றுகள் நடுகற்களே. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுதி பல்லவர் காலம் தொட்ட கற்களை ஆய்வுலகுக்குத் தந்தது. அவற்றுள் பெரும்பாலானவை தொறு கவர்தல், தொறு மீட்டல் ஆகிய பூசல்களில் பட்ட வீரர்க்கு எடுக்கப்பட்டவை. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல் கோவிவன் என்னும் நாய்க்குச் சிறப்புச் செய்தது பலரும் அறிந்தது. இப்பகுதியின் வாழ்வில் பெயர் பெறத்தக்க விலங்குகள் ஆவும் நாயும். காட்டு விலங்கு அவற்றின் பகை. தமிழ்நாட்டின் வடமேற்கிலும் கொங்குப் பகுதியிலும் காணப்படும் புலிகுத்திக் கற்கள் இதையே உறுதிசெய்கின்றன. ஆநிரையைக் காக்கப் புலியை எதிர்த்து மாண்டவனைக் கல் நினைவுகூர்கிறது. அக்கல்லில் செதுக்கப்பட்ட புலியே வெகுகாலம் சிற்றூர் மக்கள் அச்சமின்றிக் கண்ட புலி.

துப்பாக்கி, தண்டவாளம், சட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்று மாற்றங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய இருப்புப்பாதை 1862க்குள் ஜோலார்பேட்டை வழியே மேற்குக் கடற்கரையின் பேப்பூரை எட்டியது. ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் அருகே ஒரு சந்திப்பு நிலையம் உருவானது. தண்டவாளக் கட்டைக்கும் எரிபொருளுக்கும் சென்னை மாகாணத்துக் காடுகள் வெட்டப்பட்டன. மரம் தீர்ந்துவிடும் என்ற கவலையே வனத்துறையை வலுப்படுத்தியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்தது. மலைவாழ் மக்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் வேட்டைக்கும் சென்ற வழிகள் அனுமதிக்கும் தண்டத்துக்கும் உட்பட்டன.

விலங்குகளைப் பற்றிய காலனிய அரசின் பார்வை சீரானதன்று. 1873ஆம் ஆண்டின் சட்டம் பெண் யானைகளைக் கொல்வதைத் தடுத்தது. யானை அரசுக்கு உழைக்கும் விலங்கு. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டைவிலங்கு மீன் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுவோரின் எதிர்கால வேட்டைக்கு உறுதியளித்தது. புலிக்கும் சிறுத்தைக்கும் அத்தகைய காப்பு இல்லை. அவற்றைக் கொன்றோர்க்கு மாகாண அரசு பரிசுப்பணம் வழங்கியது. ஆட்கொல்லி என்ற சொல் அரசு ஆவணத்தில் ஒரு வகைப்பாடாக மாறியது இக்காலத்தில்தான்.

பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) இம்மரபின் பிற்பகுதியைச் சேர்ந்தவர். இன்றைய தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகியவற்றின் எல்லைக் காடுகளைக் களமாகக் கொண்ட அவருடைய வேட்டைக் கதைகளுள் ஏலகிரியின் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றிய ஒன்றும் உண்டு. அக்கதைகளில் ஒரு நிலையான அமைப்பு தென்படுகிறது. பழங்குடித் தடங்காண்போரின் செவியும் கண்ணும் முன்செல்கின்றன, சுடுபவர் பின்செல்கிறார், நூலின் முகப்பில் பின்னவரின் பெயர் நிற்கிறது. ஆண்டர்சன் தம் துணைவர்களை மதிப்போடு எழுதினார் என்பது உண்மை. ஆயினும் கூத்தன் தன் அறிவைத் தானே உரைத்த மலைபடுகடாமின் நிலை தலைகீழாகிவிட்டது.

காணத் தொடங்கிய காலம்

விலங்கைச் சுடாமல் காண்பதே போதிய இன்பம் என்ற கருத்து உலக அளவிலும் மெல்லவே வளர்ந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இலும் தென்னாப்பிரிக்காவின் குரூகர் 1926இலும் தேசியப் பூங்காக்களாயின. இந்தியாவில் வனத்துறை அலுவலர் எஃப்.டபிள்யூ. சாம்பியன், விலங்கே கம்பியை மிதித்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும் கருவியை அமைத்து, 1927இல் தம் புலிப்படங்களை நூலாக வெளியிட்டார். 1936இல் இமயமலை அடிவாரத்தில் நாட்டின் முதல் தேசியப் பூங்கா உருவாயிற்று. பின்னாளில் அது ஜிம் கார்பெட்டின் பெயரைப் பெற்றது. தென்னகத்தில் 1940இல் முதுமலையில் சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக ஒதுக்கப்பட்டது. பின்னர் அது பன்மடங்கு விரிந்தது. உதகைக்கும் மைசூருக்கும் இடையே முன்னரே சாலை இருந்ததால், கோடை வாழிடம் நாடிச் சென்றவர்கள் வழியிலேயே விலங்கையும் காண முடிந்தது. விலங்குக் காட்சியின் வளர்ச்சியில் சாலையின் பங்கு போதிய அளவு ஆராயப்படாத ஒன்று. புலி இருந்தும் சாலை இல்லாத காடு காட்சிக் காடாகவில்லை.

இப்புதிய பார்வைக்குத் தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வலுவான குரல் மா. கிருஷ்ணனுடையது (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் 1950 முதல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கைப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். தீபகற்பத்தின் பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய கள ஆய்வு 1975இல் நூலாயிற்று. தமிழ் இலக்கியத்தில் பயிற்சி மிக்க அவர் விலங்கைப் பொறுமையோடு நோக்குவதை ஒரு பயிற்சியாகக் கொண்டார். அவருக்குப் பின் பெருகிய சுற்றுலாக் கூட்டத்துக்கு அப்பொறுமை கைவரவில்லை என்பதே உண்மை.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1973 ஏப்ரல் முதல் நாளில் ஒன்பது காப்பகங்களோடு தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வேட்டையை முடிவுக்குக் கொணர்ந்தன. தொடக்க ஒன்பதில் தமிழ்நாட்டுக் காடு எதுவும் இல்லை. முதுமலையை ஒட்டிய பந்திப்பூர் இருந்தது. 2006இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் காப்பகத்தின் மையப் பகுதியை மனிதத் தலையீடற்றதாக வைக்கக் கோரியது. அதே ஆண்டில் நிறைவேறிய வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்றது. இரண்டும் ஒரே நாடாளுமன்றத்தின் படைப்புகள். நடைமுறையில் முதலாவது விரைந்தது, இரண்டாவது தயங்கியது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால ஆணையின் காரணமாக உரிமைப் பட்டங்கள் வழங்குவது 2016 வரை தேங்கியது.

மையப் பகுதியிலிருந்து வெளியேற இசையும் குடும்பம் ஒன்றுக்கு 2008 முதல் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வரையறுக்கப்பட்டது. 2021இல் அது 15 இலட்சமாயிற்று. முதுமலையின் உட்புற ஊர்களில் வாழ்ந்த பல குடும்பங்கள் இவ்வேற்பாட்டின்கீழ் வெளியே குடியமர்ந்தன. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அருகே செல்ல விரும்பியோரும் அவர்களுள் இருந்தனர். ஆகவே எல்லா இடப்பெயர்வையும் கட்டாயம் என ஒரே சொல்லில் அடக்குதல் பொருந்தாது. ஆனால் 2012 ஜூலையில் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது, தடை அக்டோபருக்குள் விலகியது. புதிய நெறிமுறைகள் மையப் பகுதியின் 20 விழுக்காடு வரை முறைப்படுத்தப்பட்ட சுற்றுலாவுக்கு இடமளித்தன. குடியிருப்புக்கு ஆகாத நிலம் காட்சிக்கு ஆகும் என்ற நிலை இவ்வாறு சட்ட வடிவம் பெற்றது. காண்பவர் சில மணிநேரமே தங்குகிறார், வாழ்பவர் நிலைத்திருக்கிறார் என்னும் விளக்கம் இதற்குத் தரப்படுகிறது. தங்கும் நேரத்தைக் கணக்கிடும் இவ்விளக்கம் சாலை, விடுதி, ஊர்தி ஆகியவற்றின் நிலையான இருப்பைக் கணக்கிடுவதில்லை.

புலி இல்லாத மலை

ஜவ்வாது மலை இவ்வரலாற்றின் வெளியே நின்றது. இங்கே மக்கள் வெளியேற்றப்படவில்லை, புலி மறைந்தது. இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோரைக் காஞ்சிபுரத்தோடு தொடர்புபடுத்தும் மரபுக்கதையை 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு பதிவு செய்துள்ளது. சாமையும் தினையும் விளைவிக்கும் இம்மக்களின் ஊர்கள் காப்புக்காட்டால் சூழப்பட்டவை. அரசின் நோக்கில் இம்மலை நெடுங்காலம் சந்தனத்தின் மலையாகவே இருந்தது. திருப்பத்தூரின் அரசு சந்தனக் கிடங்கு அதற்குச் சான்று. வனத்துறைக்கும் மலைமக்களுக்கும் இடையிலான உறவை வடிவமைத்தது விலங்கைவிட மரமே. காவலூரில் 1968 முதல் வளர்ந்த வானாய்வு நிலையம், நகர ஒளி எட்டாத இம்மலையின் இருளையும் ஒரு வளமாகக் கண்டது.

மரத்தின் கதை துயரில் முடிந்த ஒரு நிகழ்வைக் குறிப்பிடாமல் இவ்வாய்வு நிறைவுறாது. வடக்கே ஆந்திரத்தின் சேஷாசலம் மலைகளில் 1989இல் ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2010இல் அம்மலைகள் உயிர்க்கோளக் காப்பகமாயின. திருப்பதிக்கு வருவோர் பலர் அதன் அருவிகளையும் காட்டையும் கண்டு திரும்புகின்றனர். ஜவ்வாது மலையின் இளைஞர் சிலருக்கு அக்காடு செம்மரம் வெட்டும் கூலி கிடைக்கும் இடமாக அறிமுகமாயிற்று. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலத்தில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் உயிரிழந்தனர். அவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். ஒரே காட்டுக்குள் நுழைவுச்சீட்டோடு செல்பவரும் கோடரியோடு செல்பவரும் இருவேறு வரலாறுகளைச் சுமந்து செல்கின்றனர். கடத்தலின் ஆதாயம் பெற்றோர் இவ்விரு வரிசையிலும் இல்லை.

விலங்குகளும் இம்மலையை முற்றாக விட்டு நீங்கவில்லை. 1980களில் ஒசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் கிழக்கு நோக்கி நகர்ந்து, நெடுங்காலமாக யானையே இல்லாதிருந்த சித்தூர்ப் பகுதியை அடைந்தன. அவற்றுக்காகக் கௌண்டின்யா சரணாலயம் 1990இல் உருவாக்கப்பட்டது. அவ்வியக்கத்தின் ஒரு கிளை ஜவ்வாது மலையையும் தொட்டது. வயல்களில் புகுந்த ஆறு யானைகள் 2013இல் திருவண்ணாமலை வனக்கோட்டத்தில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, மாநிலத்தின் மேற்கிலுள்ள முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன. முகாமின் யானைகளைச் சுற்றுலாப் பயணிகள் காண்கின்றனர். நன்னன் முன்றிலின் யானைக் கன்று நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. 2024 ஜூனில் சிறுத்தை ஒன்று திருப்பத்தூர் நகருக்குள் பள்ளி வளாகம் வரை வந்து பிடிபட்டது. அதனைக் காணக் கூடியவர்களைக் கட்டுப்படுத்துவதும் அன்று காவலரின் பணிகளுள் ஒன்றாயிற்று. சரணாலயத்துக்குள் கட்டணம் கொடுத்துத் தேடப்படும் அதே விலங்கு, எல்லைக்கு வெளியே ஆபத்து என்னும் பெயர் பெறுகிறது. விலங்கு மாறவில்லை, அது நிற்கும் நிலத்தின் சட்டப்பெயர் மாறியிருக்கிறது.

யாருடைய வழி

அண்மைக் காலமாக ஜவ்வாது மலையைச் சூழல் சுற்றுலாவுக்குரிய இடமாக வளர்க்கும் எண்ணம் வலுப்பெற்று வருகிறது. ஜமுனாமரத்தூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தும் கோடை விழா, கோமுட்டேரிப் படகுத்துறை, பீமன் மடவு அருவி ஆகியன மலையின் அடையாளங்களாக விளம்பரம் பெற்றுள்ளன. இம்முயற்சியால் மலைமக்களுக்கு வருவாய் கிட்டுமாயின் அதனை எதிர்க்க யாருக்கும் உரிமையில்லை. ஆராயத்தக்கது வழிகாட்டும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதே. முதுமலை போன்ற இடங்களில் பழங்குடியினர் வேட்டைத்தடுப்புக் காவலராகவும் பாகராகவும் பணிபுரிகின்றனர். அவர்களின் அறிவின்றி எந்தக் காப்பகமும் ஒரு நாளும் இயங்காது. ஆயினும் எந்த வழி திறக்கப்பட வேண்டும், எது மூடப்பட வேண்டும், எந்தச் சாரலை நோக்கலாகாது என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் பெரும்பாலும் இல்லை. வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைக் காக்கும் உரிமையைக் கிராம சபைக்கு அளிக்கிறது. புலிகள் காப்பகமாக இன்னும் அறிவிக்கப்படாத ஒரு மலையில் இவ்வுரிமையை முதலில் நிலைநிறுத்திவிட்டுப் பயணிகளை வரவேற்க வாய்ப்புண்டு. மேற்கின் காடுகளில் வரிசை மாறியே நிகழ்ந்தது.

மலைபடுகடாம் கூறிய முதல் இடர் பன்றியும் பன்றிக்கு வைத்த பொறியும் என்பது முன்னரே சுட்டப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இம்மலையின் உழவருக்குப் பன்றியே முதற்பகை. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவோ பிடிக்கவோ இடமில்லை. சமவெளி உழவர்க்கு இது பயன்படும். காப்புக்காட்டின் நடுவே அமைந்த மலையூர்களுக்கு இவ்வளவுகோல் எட்டுவதில்லை. அங்கே சாமைக்கதிர் முற்றும் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் உழவர் பரண் அமைத்துத் தகரம் தட்டிக் காவல் இருக்கின்றனர். கோடை விழாவுக்கு வந்தவர்கள் அப்போது மலையில் இருப்பதில்லை.